பழைய குடும்பப் படங்களையும் ஞாபகப் பொருட்களையும் ஸ்கேன் செய்து, பாதுகாத்து, பகிர: சென்னை வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

சென்னை வீடுகளில் பழைய படங்கள் பெரும்பாலும் நான்கு இடங்களில் இருக்கும்: பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் கல்யாண ஆல்பம், பரணில் டிரங்குப் பெட்டி, கூடத்துச் சுவரில் மாலை போட்ட ஃபிரேம்கள், ஏதோ ஒரு ஜவுளிக்கடைப் பையில் சுருண்ட நெகட்டிவ்கள். இவற்றையெல்லாம் கணினியில் ஏற்றிவிட வேண்டும் என்று தோன்றியதும் பலர் ஸ்கேனர் விலை பார்க்கத் தொடங்குகிறார்கள். அது மூன்றாவது வேலை. சேதம் பரவாமல் நிறுத்துவதுதான் முதல் வேலை. படத்தில் இருப்பவர்கள் யார் என்று தெரிந்த பெரியவர்களோடு உட்கார்ந்து பெயர்களை எழுதிக்கொள்வது இரண்டாவது. ஈரம் படாமல் வைத்த கறுப்பு வெள்ளைப் படம் இன்னும் பல வருடம் தாங்கும். எண்பது வயதுப் பெரியம்மா சொல்லக்கூடியதை அப்படித் தள்ளிப்போட முடியாது. அதனால் இந்த வழிகாட்டியும் அந்த வரிசையிலேயே போகிறது.

எப்போது, எப்படித் திறப்பது

அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், பெட்டியைத் திறக்காதீர்கள். படத்தின் மேற்பரப்பு ஜெலட்டின் என்ற புரதப் பூச்சு. காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் ஜெலட்டின் மெல்ல இளகும், ஒட்டும், பூஞ்சை பிடிக்கும். பிப்ரவரி முதல் மே வரை சரியான காலம். காலை பத்து மணிக்கு மேல், இரவு ஈரம் போன பிறகு தொடங்குங்கள். சில நூறு ரூபாய்க்கு டிஜிட்டல் ஈரப்பதமானி கிடைக்கும். அது 60க்குக் கீழே காட்டும் நாளில் வேலை செய்வது நல்லது. கடற்கரைப் பக்கத்து வீடுகளில் அந்த எண் பல நாள் இறங்காது. அங்கே ஏசி போட்ட அறையில் வேலை செய்யுங்கள். ஆனால் ஏசி அறையில் குளிர்ந்த பெட்டியை வெளியே கொண்டுவந்து உடனே திறக்கக் கூடாது. படத்தின் மேல் பனிபோல நீர் படியும். இரண்டு மணி நேரம் மூடியபடியே வைத்துவிட்டுத் திறக்கவும்.

துவைத்த வெள்ளை வேட்டியை மேசையில் விரித்துக்கொள்ளுங்கள். மின்விசிறி ஓட வேண்டாம். கையைச் சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, எண்ணெயோ கிரீமோ இல்லாமல் படத்தை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள். நெகட்டிவ்களுக்கு நைட்ரைல் கையுறை தேவை. பருத்திக் கையுறை வேண்டாம்: விரலின் உணர்வு குறையும், நூல் பழைய படத்தின் கிழிந்த ஓரத்தில் மாட்டும், வியர்வையும் ஊறி வெளியே வரும்.

திறந்ததும் எதையும் துடைக்காமல் முதலில் தனித்தனியாகப் பிரித்துவையுங்கள். நல்ல நிலையில் இருப்பவை ஒரு பக்கம். பூஞ்சை பிடித்தவை, ஒன்றோடொன்று ஒட்டியவை, புளித்த வாடை அடிக்கும் ஃபிலிம்கள், காகிதங்கள் ஆகியவற்றுக்குத் தனித்தனி இடம். ஆல்பத்தில் உள்ளவற்றைப் பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எது இருந்தது என்பதே பல சமயம் யார், எந்த விசேஷம் என்பதற்குத் துப்பு.

பூஞ்சை, பூச்சி, செல்லோடேப்

பூஞ்சை பிடித்த படத்தை ஈரத்துணியால் துடைப்பது மிகப் பெரிய தவறு. பூஞ்சை ஜெலட்டினைத் தின்று செரிக்கும்போது அந்த இடம் தண்ணீரில் கரையக்கூடியதாக மாறிவிடுகிறது. துடைத்தால் பூஞ்சையோடு முகமும் போகும். முதலில் நிழலான, காற்றோட்டமுள்ள இடத்தில் ஒரு நாள் உலர விடுங்கள். தொட்டால் ஒட்டாமல் பொடியாக வந்தால் அது அடங்கிவிட்டது. என்95 முகக்கவசம் போட்டுக்கொண்டு, பால்கனியிலோ மொட்டை மாடி நிழலிலோ, மிக மென்மையான தூரிகையால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி ஒரே திசையில் தள்ளுங்கள். வராத கறையை விட்டுவிடுங்கள். கறையோடு ஸ்கேன் செய்து, கணினியில் பிரதியைச் சரிசெய்யலாம்.

ராமபாணப் பூச்சி காகிதப் பசையையும் ஜெலட்டினையும் தின்னும். இது இருக்கும் பெட்டியில் படத்தின் மேற்பரப்பு ஒழுங்கில்லாத வடிவத்தில் மேய்ந்ததுபோல் இருக்கும். பூச்சி தென்பட்ட பெட்டியைத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம். நாப்தலீன் உருண்டையைப் படங்களோடு போடாதீர்கள். அதன் ஆவி பிளாஸ்டிக் உறைகளிலும் படங்களிலும் படியும். வேப்பிலை, வசம்பு வைப்பதானால் நன்றாகக் காய்ந்ததைத் துணியில் முடிந்து பெட்டிக்கு வெளியே, பீரோ தட்டில் வையுங்கள்.

கிழிந்த படத்தைச் செல்லோடேப்பால் ஒட்டாதீர்கள். அந்தப் பசை சில வருடங்களில் பழுப்பாகி ஊடுருவும். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். இன்னொன்று லேமினேஷன். சான்றிதழையும் தாத்தா படத்தையும் ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லேமினேட் செய்துவிட்டால் பாதுகாப்பு என்று நினைப்பது நம் ஊரில் சகஜம். சூட்டில் உருகிய பிளாஸ்டிக் காகிதத்தோடு கலந்துவிடும். பிறகு எந்த நிபுணராலும் சேதமில்லாமல் பிரிப்பது கடினம். ஒரே பிரதி உள்ள எதையும் லேமினேட் செய்யக் கூடாது.

ஃபிரேம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படம்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குடும்பத்தின் மிகப் பழைய படம் அநேகமாகச் சுவரில்தான் தொங்குகிறது, அதுதான் அதிகம் கெட்டும் இருக்கிறது. நம் ஊர் ஃபிரேம்களில் கண்ணாடியும் படமும் இடைவெளியின்றித் தொட்டுக்கொண்டிருக்கும். மழைக்காலத்தில் சுவர் ஊறும், ஜெலட்டின் இளகிக் கண்ணாடியில் ஒட்டும், கோடையில் அப்படியே காய்ந்து இறுகும்.

ஃபிரேமை இறக்கிச் சாய்வாகப் பாருங்கள். ஒட்டிய இடம் நனைந்ததுபோல் கருமையாகத் தெரியும். ஒட்டாத இடத்தில் மெல்லிய வெளிர்ப் பளபளப்பு இருக்கும். வெளிக் கண்ணாடியில் உள்ள காய்ந்த சந்தனம், குங்குமத்தைப் பிழிந்த பஞ்சால் ஒற்றி எடுங்கள். கண்ணாடியின் ஓரத்துக்குள் ஒரு துளி நீரும் இறங்கக் கூடாது. ஸ்பிரே அடிக்கவே கூடாது.

பிறகு கண்ணாடி கீழே இருக்கும்படி தடித்த துண்டின் மேல் படுக்க வைத்து, பின்பக்க ஆணிகளைக் குறட்டால் ஒவ்வொன்றாக எடுங்கள். பிளைவுட்டைத் தூக்கும்போது கரையான் மண் கொட்டலாம். செய்தித்தாளை விரித்துக்கொண்டு செய்யுங்கள். உள்ளே ஃபிரேம் கடைக்காரர் அண்டை கொடுக்க மடித்து வைத்த பழைய செய்தித்தாள் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். அதில் தேதி இருக்கும். ஃபிரேம் எப்போது போடப்பட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

இப்போது கண்ணாடியை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். படம் தன் எடையிலேயே நழுவி வந்தால் நல்லது. வரவில்லை என்றால் இழுக்கக் கூடாது, பிளேடு விடக் கூடாது, ஹேர் டிரையர் காட்டக் கூடாது. கண்ணாடியோடு சேர்த்தே பிரதி எடுக்க வேண்டும். இங்கேதான் ஸ்கேனரின் வகை முக்கியமாகிறது. மெல்லிய, விலை குறைந்த சிஐஎஸ் வகை ஸ்கேனர் தன் கண்ணாடியைத் தொடும் பரப்பை மட்டுமே கூர்மையாகப் பார்க்கும். நடுவில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கண்ணாடி இருந்தால் முகம் மங்கிவிடும். உள்ளே லென்ஸ் உள்ள, தடித்த சிசிடி வகைக்கு ஆழம் கூடுதலாகத் தெரியும், ஓரளவு சரியாக வரும்.

சிசிடி ஸ்கேனர் இல்லாதபோது கேமராவே மேல். படத்தைத் தரையில் படுக்க வைத்து, கேமராவை முக்காலியில் நேர் மேலே, படத்துக்கு இணையாக நிறுத்துங்கள். இரண்டு ஒரே மாதிரி எல்இடி விளக்குகளை இரு பக்கமும் 45 டிகிரியில் வையுங்கள். கூரை விளக்கையும் மின்விசிறியையும் அணைத்துவிடுங்கள். கண்ணாடியில் கேமராவின் உருவமே தெரிந்தால், கறுப்புத் துணியில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டுக் கேமராவுக்கு முன்னால் தொங்கவிடுங்கள், பிரதிபலிப்பு மறைந்துவிடும். டைமர் வைத்து எடுத்தால் கை நடுக்கம் வராது.

எடுத்த பிறகு, கண்ணாடியோடு ஒட்டிய அசலைப் படுக்கையாக, தனி அட்டைப் பெட்டியில் வைத்துவிடுங்கள். சுவருக்குப் பிரதி போதும். மாலையும் விளக்கும் பிரதிக்குப் போட்டாலும் மரியாதை குறையாது. அகர்பத்திப் புகையும் விளக்குக் கரியும் அசலுக்கு நல்லதல்ல. புதிய ஃபிரேம் போடும்போது கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லிக் கேளுங்கள். பின்புற நான்கு மூலையிலும் சிறு ரப்பர் அல்லது கார்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே காற்று போகும். மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரும், குளியலறைக்குப் பொதுவான சுவரும் வேண்டவே வேண்டாம்.

பிளாஸ்டிக் தாளைத் தூக்கி ஒட்டும் பக்கத்தில் படம் பதிக்கும் ஆல்பங்களிலும் இதே சிக்கல்தான். 1980களிலும் 90களிலும் வந்த அந்த ஆல்பங்களின் பசை மஞ்சளாகி இறுகியிருக்கும். மெழுகும் வாசனையும் இல்லாத பல் இடுக்கு நூலை 30 செ.மீ. எடுத்து, இரு கையிலும் சுற்றி, படத்தின் ஒரு மூலைக்கு அடியில் நுழைத்து, ரம்பம் இழுப்பதுபோல் மெல்ல அறுத்துக்கொண்டே போங்கள். படம் வளைந்தால் நிறுத்திவிடுங்கள். அப்படி நின்ற படத்தை ஆல்பப் பக்கத்தோடு ஸ்கேன் செய்வது போதும். கறுப்புத் தாளில் மூலை ஒட்டி, நடுவே வெண்ணெய்த்தாள் வைத்த பழைய ஆல்பங்களைப் பிரிக்கவே வேண்டாம்.

பெயர்கள்

ஸ்கேன் முடிந்தபின் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டால் மாதங்கள் ஓடிவிடும். கைபேசியில் எடுத்த பக்கங்களை ஒரு டேப்லெட்டில் பெரிதாக்கிக் காட்டி இப்போதே கேளுங்கள். ஒரு அமர்வில் இருபது படத்துக்கு மேல் போகாதீர்கள். பெரியவர்களுக்கு அலுப்பு வரும்போது பெயர்கள் குழம்பும். பேச்சை ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள். “இது யாரு?” என்று மட்டும் கேட்டால் ஒரு சொல்லில் பதில் வரும். “இது எந்த வீட்டு வாசல், பாட்டி? இந்தப் புடவை யாரோடது?” என்று கேளுங்கள். வாசலும் புடவையும் நினைவுக்கு வந்தால் பக்கத்தில் நிற்பவர்களும் வருவார்கள்.

குழுப் படங்களுக்கு ஒரு பிரதி அச்செடுத்து, ஒவ்வொரு தலைக்கும் எண் போட்டு, கீழே பட்டியல் எழுதுங்கள். “இடமிருந்து வலம்” என்பது, நடுவில் குழந்தைகள் தரையில் உட்கார்ந்திருக்கும் கல்யாணப் படத்தில் வேலை செய்யாது.

உறவுமுறையை எழுதுவதில் கவனம் வேண்டும். “பெரியப்பா” என்று எழுதி வைத்தால் யாருக்குப் பெரியப்பா என்று அடுத்த தலைமுறைக்குத் தெரியாது. குடும்பத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஒருவரை மையமாக வைத்துக்கொண்டு அவருக்கு என்ன முறை என்றே எப்போதும் எழுதுங்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் ஒரே பெயர் மூன்று பேருக்கு இருக்கும். முதலெழுத்து, வீட்டில் கூப்பிடும் பெயர், ஊர் ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பெண்களுக்குக் கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் முதலெழுத்து மாறியிருக்கும், இரண்டையும் குறியுங்கள். இருவர் இரண்டு பெயர் சொன்னால் இரண்டையும் யார் சொன்னது என்பதோடு எழுதுங்கள். ஊகமாக இருந்தால் கேள்விக்குறி போடுங்கள்.

படத்தின் பின்பக்கம் பால்பாயின்ட் பேனாவால் எழுதாதீர்கள். அழுத்தம் முன்பக்கம் புடைக்கும், மை அடுத்த படத்தில் பதியும். காகிதத் தாளில் அச்சிட்ட பழைய படமென்றால் மென்மையான 4பி பென்சிலால் ஓரத்தில் ஒரு எண் மட்டும் எழுதலாம். 1970களுக்குப் பிறகு பரவிய பிளாஸ்டிக் பூச்சுத் தாளில் பென்சில் பிடிக்காது. அதற்கு எண் எழுதிய தனிச் சீட்டை உறைக்குள் வையுங்கள்.

தேதி தெரியாத படங்களுக்குப் பின்பக்க ஸ்டுடியோ முத்திரை உதவும். முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் படம் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது. “மெட்ராஸ்-4” என்று பழைய மண்டல எண் இருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தையது, ஆனால் பழைய முத்திரையை ஸ்டுடியோக்கள் பல வருடம் குத்திக்கொண்டிருந்ததால் உறுதியாகச் சொல்ல முடியாது. பெயர் அதிகாரபூர்வமாகச் சென்னை ஆனது 1996இல். விலையோ தபால்தலையோ அணாவில் இருந்தால் நயா பைசா வந்த 1957க்கு முந்தைய காலம். கல்யாணப் பத்திரிகையில் தமிழ் வருடம் மட்டும் இருந்தால், அந்தப் பெயர் 60 வருடத்துக்கு ஒருமுறை திரும்பும் என்பதை நினைவில் வையுங்கள்: விகாரி என்றால் 1959 அல்லது 2019, பிரபவ என்றால் 1927 அல்லது 1987. எது என்பதைப் படத்தில் இருப்பவரின் வயது சொல்லிவிடும்.

ஸ்கேன் செய்தல்

அச்சுப் படங்கள் மட்டும் இருந்தால் கேனன் லைடு 300, 400 போன்ற சிஐஎஸ் ஸ்கேனர் போதும். அவை யுஎஸ்பியிலேயே இயங்கும். சுருண்ட படங்கள், கண்ணாடியோடு ஒட்டியவை, நெகட்டிவ்கள் இருந்தால் மூடியில் ஃபிலிம் விளக்குள்ள சிசிடி ஸ்கேனர் வேண்டும். எப்சன் பெர்ஃபெக்‌ஷன் வி600 அந்த வகை. ரிச்சி தெருவில் வாங்கும்போது வகையைக் கேட்டு வாங்குங்கள். அட்டைப் பெட்டியில் பெரிதாக அச்சிட்ட டிபிஐ எண்ணை (ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளி என்பதை) மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். பழைய படங்களைத் தாள் இழுக்கும் ஆபீஸ் ஸ்கேனரில் விடவே கூடாது.

எந்த டிபிஐ என்பதற்குச் சுருக்கமான பதில்: சாதாரண அச்சுப் படத்துக்கு 600. பாஸ்போர்ட் அளவுக்கும் அதைவிடச் சிறியதற்கும் 1200. ஐம்பது பேர் நிற்கும் பெரிய குழுப் படத்திலும் 600ஐக் குறைக்காதீர்கள், முகங்கள் சிறியவை. காகிதங்களுக்கு 300 முதல் 400. 35 மி.மீ. ஃபிலிமுக்கு 3200, ஆக்ஃபா கிளிக் போன்ற கேமராக்களில் எடுத்த அகலமான ‘120’ வகை ஃபிலிமுக்கு 2400. இதற்கு மேல் போனால் கோப்பு பெருகுமே தவிர, படத்தில் இல்லாத விவரம் வராது.

ஒரு படத்துக்கான நடைமுறை இது:

1. ஸ்கேனர் கண்ணாடியை மைக்ரோஃபைபர் துணியால் துடைக்கவும். திரவம் தேவையானால் துணியில் தெளிக்கவும், கண்ணாடியில் அல்ல.
2. படத்தின் இரு பக்கமும் ரப்பர் ஊதுகுழாயால் ஊதவும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும்.
3. படத்தை விளிம்பிலிருந்து அரை செ.மீ. தள்ளி வைக்கவும், விளிம்பை ஒட்டி வைத்தால் ஓரம் வெட்டுப்படும்.
4. மென்பொருளில் கூர்மையாக்கல், தூசி நீக்கல், தானியங்கி நிறத் திருத்தம் எல்லாவற்றையும் அணைக்கவும்.
5. கறுப்பு வெள்ளைப் படத்தையும் 24 பிட் வண்ணத்திலேயே எடுக்கவும். பழுப்பு, கறை, கையால் தீட்டிய நிறம் எல்லாம் அதில்தான் பதியும்.
6. முழு அட்டையும், வெள்ளை ஓரமும், ஸ்டுடியோ பெயரும் வரும்படி எடுக்கவும். பின்பக்கத்தில் ஏதேனும் இருந்தால் அதையும்.
7. மூலக் கோப்பைத் தரம் குறையாத டிஃப் (TIFF) வடிவில் சேமிக்கவும். பகிர்வதற்கு அதிலிருந்து சிறிய ஜேபெக் (JPEG) பிரதி எடுக்கவும்.

6×4 அங்குலப் படம் 600 டிபிஐயில் 3600×2400 புள்ளிகள் வரும். டிஃப் கோப்பு சுமார் 26 எம்பி. ஆயிரம் படம் சேர்ந்தாலும் 26 ஜிபிதான். இடத்துக்குப் பயந்து தரத்தைக் குறைக்க வேண்டிய காலம் இல்லை.

சிவந்துபோன 1970, 80களின் வண்ணப் படங்களை மட்டும் 48 பிட்டில் எடுங்கள். அந்தக் காலத் தாள்களில் நீலப்பச்சைச் சாயம் இருட்டில் இருந்தாலும் மங்கும்; மிச்சமிருக்கும் கொஞ்சத்தைப் பின்னர் மீட்டெடுக்க அந்தக் கூடுதல் தகவல் தேவைப்படும்.

தேன்கூடுபோலப் புடைப்பு வைத்த ஸ்டுடியோ தாள்களில் ஸ்கேனர் விளக்கு ஒரே பக்கத்திலிருந்து விழுவதால் படம் முழுக்க வெள்ளைப் புள்ளி தெரியும். ஒருமுறை எடுத்து, படத்தை 180 டிகிரி திருப்பி மறுமுறை எடுத்து, இரண்டையும் மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி 50 சதவீதம் கலந்தால் புள்ளிகள் பெரிதும் அடங்கும். இருண்ட பகுதிகளில் நீல வெள்ளிப் பளபளப்பு ஏறிய பழைய படம், அட்டையில் ஏற்றிய பெரிய படம் ஆகியவற்றுக்குக் கேமராவே நல்லது. பெரிய படத்தை இரண்டு பாதியாக ஸ்கேன் செய்வதானால் கால் பங்கு ஒன்றன்மேல் ஒன்று விழும்படி நகர்த்துங்கள். திருப்பி வைத்தால் வெளிச்சத்தின் திசை மாறி, இணைப்பு தெரியும்.

நெகட்டிவில் மங்கலான பக்கம்தான் படம் பதிந்த பக்கம். அதைத் தொடக் கூடாது. தூசியை அகச்சிவப்பு ஒளியால் கண்டுபிடித்து நீக்கும் வசதி வண்ண ஃபிலிமுக்கு நன்றாக வேலை செய்யும். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் அதை அணைத்துவிடுங்கள்: அதில் உள்ள வெள்ளி அந்த ஒளியையும் மறைப்பதால் படமே தூசியென்று எண்ணி அழித்துவிடும். வினிகர் வாடை அடிக்கும் ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது. அந்த ஆவியே பக்கத்து ஃபிலிமையும் கெடுக்கும் என்பதால் காகித உறையில், காற்றோட்டமாக, தனியே வைத்து அதை முதலில் ஸ்கேன் செய்யுங்கள்.

கடையில் கொடுத்துச் செய்வதானால் எண்ணிக்கை எழுதிய ரசீது, டிபிஐ, டிஃப் கோப்பு கிடைக்குமா, அசல் வேறு ஊருக்குப் போகுமா என்ற நான்கையும் முன்பே கேளுங்கள். பத்துப் படம் கொடுத்துப் பார்த்து, திருப்தியாக இருந்தால் மீதியைக் கொடுங்கள்.

படம் அல்லாதவை

ஓலையில் எழுதிய ஜாதகத்தைச் சாய்வெளிச்சத்தில் படம் எடுங்கள்: விளக்கை ஓலையின் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, ஒரு பக்கமாக வைத்தால் எழுத்தாணி கீறிய பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து தெளியும். எண்ணெய் பூசுவதையும், மடங்கிய ஓலையை நிமிர்த்துவதையும் வீட்டில் செய்ய வேண்டாம். பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகமும், அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகமும் ஓலையிலேயே புழங்கும் இடங்கள், அங்கே விசாரியுங்கள்.

பத்திரம், ரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த கடிதங்கள், இன்லேண்ட் லெட்டர் எல்லாவற்றையும் குண்டூசி, ஸ்டேப்ளர் முள் நீக்கிவிட்டு விரித்து எடுங்கள். மடிப்பில் கிழிந்திருந்தால் தட்டையாக்க இஸ்திரி போடாதீர்கள்; இரண்டு சுத்தமான அட்டைக்கு நடுவே வைத்து மேலே புத்தகம் அடுக்கி இரண்டு நாள் விடுங்கள். உறையையும் தபால் முத்திரையோடு ஸ்கேன் செய்யுங்கள், தேதி அதில்தான் இருக்கும். பழைய இதழ்கள், நாடக நோட்டீஸ்கள், பாட்டுப் புத்தகங்கள் இருந்தால் பேப்பர் கடைக்குப் போடுவதற்கு முன் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைக் கேளுங்கள். தமிழ் அச்சுப் பொருட்களைச் சேர்த்துக் காப்பது அவர்கள் வேலை.

பெயர் வெட்டிய பித்தளைப் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்ப்பதற்கு முன் படம் எடுங்கள். எழுத்து ஏற்கெனவே தேய்ந்திருந்தால் உலர்ந்த விபூதியை மேலே தடவி, மேல்பரப்பை மட்டும் துடையுங்கள். பள்ளத்தில் தங்கிய வெள்ளை எழுத்தைக் காட்டும். சீர் கொடுத்தவர் பெயர், ஊர், தேதி எல்லாம் அதில் இருக்கும். படம் எடுத்ததும் விபூதியைத் துடைத்துவிடுங்கள். பட்டுப்புடவைக்கு உடல், கரை, முந்தி என்று மூன்று படம் எடுத்து, பழைய மடிப்பிலேயே மடிக்காமல் இடம் மாற்றி மடித்து, துவைத்த பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.

கல்யாண வீடியோ கேசட்டை இனித் தள்ளிப்போடாதீர்கள். விசிஆர் கடைசியாக உற்பத்தியானது 2016இல். ஓடும் கருவியும் பழுதுபார்ப்பவரும் குறைந்துகொண்டே வருகிறார்கள். டேப்பின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் கருவியில் போடக் கூடாது. ஆடியோ கேசட்டைப் பிளேயரின் லைன் அவுட்டிலிருந்து கம்பி வழியாகக் கணினிக்கு எடுத்து, ஆடாசிட்டி என்ற இலவச ஒலிப்பதிவு மென்பொருளில் வேவ் (WAV) கோப்பாகப் பதியுங்கள்.

கோப்புப் பெயரும் பிரதிகளும்

கோப்புப் பெயர் வருடத்தில் தொடங்கட்டும்: 1964-06-00_திருவல்லிக்கேணி_சீமந்தம்_012. தெரியாத மாதத்துக்கும் நாளுக்கும் 00. இப்படி இருந்தால் எந்தக் கணினியிலும் கால வரிசையில் நிற்கும். பெயர்ப் பட்டியலையும் விவரத்தையும் இலவச மென்பொருளான டிஜிகாமில் கோப்பின் உள்ளேயே எழுதுங்கள். கூகுள் போட்டோஸில் எழுதும் விவரம், மொத்தமாகப் பதிவிறக்கும்போது கோப்புக்குள் வராது, பக்கத்தில் வேறொரு சிறு கோப்பாக வரும்.

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். நடைமுறையில்: வீட்டில் ஒரு வெளி ஹார்டு டிஸ்க், மேகச் சேமிப்பில் ஒன்று, கோவையிலோ பெங்களூரிலோ இருக்கும் தங்கை வீட்டில் இன்னொரு ஹார்டு டிஸ்க். 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஒரே தெருவில் இருந்த இரண்டு வீடுகளும் சேர்ந்தே மூழ்கின. பக்கத்து வீட்டில் வைத்த பிரதி பிரதி ஆகாது. பென்டிரைவ் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு மட்டும். எஸ்எஸ்டி வகை டிஸ்க்கை மின்சாரம் இல்லாமல் வருடக்கணக்கில் பீரோவில் வைத்தால் தகவல் அழியக்கூடும். கூகுள் கணக்கு இரண்டு வருடம் பயன்படாமல் இருந்தால் நீக்கப்படலாம் என்பதால், செயல்படாத கணக்கு மேலாளர் அமைப்பில் இன்னொருவரைச் சேர்த்துவிடுங்கள்.

அசலை எங்கே வைப்பது

ஸ்கேன் ஆகிவிட்டதென்று அசலைத் தூக்கிப் போடாதீர்கள். பரண் வேண்டாம், கோடையில் கூரைச் சூடு முழுக்க அங்கே. தரை வேண்டாம், வெள்ளம். சமையலறையும் பூஜை அறையும் வேண்டாம். உள்சுவரை ஒட்டிய இரும்பு பீரோவின் நடுத்தட்டுதான் சரியான இடம். உறை பாலிபுரோப்பிலீன் அல்லது அமிலமற்ற காகிதம். புது மழைக்கோட்டு வாடை அடிக்கும் பிவிசி உறை வேண்டாம். மூடி இறுகும் 20 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டிக்கு ஈரத்தை உறிஞ்சும் ஆரஞ்சு சிலிக்கா ஜெல் 200 கிராம் துணிப்பையில் போட்டு வையுங்கள். அது பச்சையானதும் 110 முதல் 120 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் வைத்தால் மீண்டும் ஆரஞ்சாகும். ஓவன் சமையலுக்கும் பயன்படுவதால் நிறம் மாற கோபால்ட் சேர்த்த நீல வகையைத் தவிர்க்கவும்.

வெள்ளத்தில் நனைந்த படங்கள் அடுக்காகக் காய்ந்தால் பிரிக்கவே முடியாது. கழிவுநீர் கலந்திருக்கும், கையுறை போடுங்கள். ஈரமாக இருக்கும்போதே குளிர்ந்த சுத்தமான நீரில் மிதக்கவிட்டுப் பிரித்து, படம் மேலே பார்க்க, நிழலில் துணியின் மேல் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் சுருண்டுவிடும். இரண்டு நாளுக்குள் முடியாதென்றால், சிறு சிறு அடுக்காக நடுவே மெழுகுத்தாள் வைத்து, ஜிப் பையில் போட்டு, ஃபிரீசரில் வையுங்கள். பூஞ்சை நிற்கும், நேரம் கிடைக்கும்போது எடுத்துப் பார்க்கலாம். கண்ணாடி நெகட்டிவை மட்டும் ஃபிரீசரில் வைக்கக் கூடாது.

பகிர்தல்

வாட்ஸ்ஆப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், உள்ளே எழுதிய பெயர்களும் போய்விடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். இருநூறு படத்தை ஒரே நாளில் குடும்பக் குழுவில் கொட்டினால் எல்லோரும் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். வாரத்துக்கு ஒன்று, ஒரு கேள்வியோடு போடுங்கள்: “பின்னால தூணைப் பிடிச்சிட்டு நிக்கிறது யாருன்னு தெரியுதா, அத்தை?” பதில் குரல் செய்தியாக வந்தால் அதையும் அதே எண்ணில் சேமியுங்கள்.

செயற்கை நுண்ணறிவால் முகத்தைத் தெளிவாக்கும் செயலிகள் மங்கிய முகத்தை மீட்பதில்லை. எத்தனையோ முகங்களைப் பார்த்த பழக்கத்தில் ஒரு புதிய முகத்தை வரைகின்றன. கொள்ளுப்பாட்டியின் மூக்குத்தியும் கண்ணும் அதில் மாறிவிடும், அடுத்த தலைமுறை அதையே அசலென்று எண்ணும். நிறமேற்றலும் அப்படித்தான், கல்யாணப் புடவையின் நிறம் அதற்குத் தெரியாது. செய்வதானால் கோப்புப் பெயரிலேயே “திருத்தியது” என்று சேர்த்து, தனி அடைவில் வையுங்கள்.

பொதுவெளியில் போடும் முன் படத்தில் உயிரோடு இருப்பவர்களைக் கேளுங்கள். முறிந்த திருமணம், தத்து கொடுத்த குழந்தை, தீராத சொத்துத் தகராறு எல்லாம் பழைய படத்திலும் கடிதத்திலும் உண்டு. பத்திரம், ஜாதகம் போன்றவற்றில் இருக்கும் சர்வே எண்ணையும் பிறந்த நேரத்தையும் பொதுப் பக்கங்களில் காட்ட வேண்டாம்.

ஒவ்வொரு கிளைக் குடும்பத்துக்கும் ஜேபெக் பிரதிகளும் பெயர்ப் பட்டியலும் போட்ட ஒரு பென்டிரைவும், தேர்ந்தெடுத்த நாற்பது ஐம்பது படங்களை அச்சிட்ட ஒரு புத்தகமும் கொடுங்கள். புத்தகத்தில் படத்துக்குக் கீழே வெற்றிடம் விடுங்கள், தெரிந்தவர்கள் எழுதட்டும். ஒரு வருடம் கழித்து அந்தப் புத்தகங்களை வாங்கிப் பார்த்து, புதிதாக எழுதியிருப்பதை மூலக் கோப்புகளில் சேருங்கள். பிப்ரவரியில் சிலிக்கா ஜெல் மாற்றும்போதே ஹார்டு டிஸ்க்குகளையும் செருகி, ஒவ்வொரு அடைவிலும் சில கோப்புகளைத் திறந்து பாருங்கள். ஐந்தாறு வருடம் ஓடிய டிஸ்க் என்றால், அது கெடும்வரை காத்திராமல் புதியதில் நகலெடுத்துவிடுங்கள்.